தண்ணீர் சூழாத தீவுகள்: பிரெஞ்சிந்திய எல்லை ஊர்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் வாடகை அறைக்கு எதிரே விடிகாலை நாலரைக்கே கம்பெனி பஸ்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். பக்கத்து அறையில் இருக்கும் தம்பி திண்டிவனத்துக்காரன். ஒப்பந்தத் தொழிலாளி. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தைப் பார்த்தே நிரந்தரமா ஒப்பந்தமா என்று சொல்லிவிடுவார்கள். 'கேட்டைத் தாண்டிட்டா அது வேற நாடு சார்' என்று ஒருநாள் சொன்னான். போகிற போக்கில் சொன்ன பேச்சுதான். எனக்கு என் ஆயா ஞாபகம் வந்தது.

ஆயா பிறந்தது பாகூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில். அவள் பிறந்தபோது அது பிரான்ஸ். வாய்க்காலைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. அவளுக்குப் பத்து வயதாகும் சமயத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுதந்திர இந்தியா ஆகிவிட்டது, இந்தப் பக்கம் பிரான்ஸாகவே இருந்தது. 'எங்க நெலம் பிரெஞ்சுல இருந்துச்சு, மாடு மேயறது இந்தியாவுல' என்பாள். சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். நான்கு பக்கமும் தண்ணீர் இருந்தால் தீவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான்கு பக்கமும் வேறொரு சட்டம் இருந்தாலும் அது தீவுதான் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பிரெஞ்சிந்தியா பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை நகரத்தைப் பற்றியவை. கடற்கரை, வெள்ளை நகரம், துய்ப்ளேக்ஸ், ஆனந்தரங்கப் பிள்ளை, பாரதி. நகரத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்த கிராமங்கள் அவற்றில் ஓரமாக வந்துபோகும். அந்த ஊர்களிலிருந்து இந்த வரலாற்றை வாசித்தால் என்ன தெரிகிறது? யாருக்காக அந்தக் கோடு போடப்பட்டது, அது யாருக்கு நிழலானது, யாருக்குச் சிறையானது? இதைக் கேட்டுப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். இதை நான் ஒரகடத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது.

2

முதலில் கோடு. இன்றும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போனால் இருபத்து சொச்சம் கிலோமீட்டருக்குள் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். போர்டைப் பார்க்கவே தேவையில்லை, சாராயக் கடை வந்தால் தெரிந்துவிடும். காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும், புதுச்சேரிப் பகுதி மட்டுமே பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடக்கிறது. அத்தனையும் சேர்த்துச் சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான்.

இந்தக் கோணல்மாணலை இயற்கை போடவில்லை, கர்நாடகப் போர்கள் போட்டன. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். 1749-50இல் சந்தா சாகிபின் கட்சி பிரெஞ்சுக் கம்பெனிக்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைக் கொடுத்தது. எதிர்க்கட்சியின் முகமதலி ஜெயித்த பிறகு, 1763இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு ஜாகிர் கொடுத்தார். பிற்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி, அதாவது நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மண், அந்த ஜாகிருக்குள் அடக்கம். இரண்டு நவாபுகள், இரண்டு கம்பெனிகள், இரண்டு தானங்கள். உழுதவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. பாகூரும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே வகையான பத்திரத்தின் இரண்டு நகல்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக அரை நூற்றாண்டு போயிற்று. 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி 1816இல் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டை கட்டக் கூடாது, போலீஸ் வேலைக்கு வேண்டிய ஆட்களுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1815இல் உப்பு ஒப்பந்தம் ஒன்றும் போடப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் தம் பகுதி உப்பை ஆங்கிலேயரின் ஏகபோகத்துக்கு விட்டுக்கொடுப்பார்கள், பதிலுக்கு ஆங்கிலக் கம்பெனி வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தரும். ஆக, பகைவர்கள் என்று நாம் படித்த இருவரும் எல்லைக்கு இருபுறமும் இருந்துகொண்டு உப்பில் கூட்டாளிகளாக இருந்திருக்கிறார்கள். எல்லைக்கோடு எப்போதும் பிரிப்பதற்காக மட்டுமே போடப்படுவதில்லை, பங்குபோடவும் போடப்படுகிறது.

வெறும் கிராமங்களை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரன் என்ன செய்தான்? துணி நெய்ய வைத்தான். 'கினி' என்ற நீலச் சாயத் துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். நம் ஊர்ச் சாயத்தொட்டியில் கை நீலமானவர்களுக்குத் தாங்கள் செனகலோடு கட்டப்பட்டிருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. உலகமயம் என்று 1991க்குப் பிறகு பேச ஆரம்பித்தோமே, அதற்கு நம் பக்கத்திலேயே இவ்வளவு பழைய கணக்கு இருக்கிறது.

3

அடுத்தது மொழி. 'பிரெஞ்சு பேசும் ஊர்கள்' என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுகிறார்கள். பெருநகரத்தின் பக்கத்திலேயே ஒரு பிரெஞ்சு ஊர் வேண்டுமென்றால் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் சந்திரநாகூர் இருந்தது. அங்கே தெருவில் பேசியது வங்காளி. ஆயாவின் ஊரில் பேசியது தமிழ். பிரெஞ்சு எங்கே இருந்தது என்றால் கோர்ட்டில், நொத்தேர் எழுதும் பத்திரத்தில், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய 'சொல்தா' வீட்டுத் திண்ணையில். ஆயாவுக்கு மொத்தம் ஆறேழு பிரெஞ்சுச் சொல் தெரியும். மேர், கொம்யூன், சொல்தா, இப்படி. எல்லாமே அதிகாரத்தின் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சோற்றுக்கும் தண்ணீருக்கும் அழுகைக்கும் அவளிடம் ஒரு பிரெஞ்சுச் சொல்கூட இல்லை. கொம்யூன் என்ற சொல் மட்டும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் இதோடு விஷயத்தை முடித்துவிட்டால், ஆதிக்க மொழி/மக்கள் மொழி என்ற வழக்கமான எதிர்மறைக்குள் நாமும் சிக்கிக்கொள்வோம். பிரெஞ்சுச் சட்டத்துக்குள் நுழைவது சிலருக்கு விடுதலையாகவும் பட்டிருக்கிறது. 1819 ஜனவரி 6ஆம் தேதி ஒழுங்குமுறை, இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிப்போம் என்று வாக்குக் கொடுத்தது. சமத்துவம் பேசிய புரட்சி நடந்து முப்பது வருஷத்துக்குள்! பாரிஸில் குடிமகன், பாகூரில் சாதிக்காரன். காலனியத்தின் நிர்வாக மூளை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

1873இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் விடவில்லை. பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வந்ததும், தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களில் அவர் முன்னால் நின்றார். லபோர்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். கதவு என்று பொருள். இப்படித் துறந்தவர்களைப் புதுச்சேரியில் ரெனோன்சான் என்பார்கள். அவர்களில் தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் கணிசம். ஆசாரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று இதை எதிர்த்து நின்றது சண்முக வேலாயுத முதலியார் தலைமையிலான மேல்சாதிக் கட்சி. 1884இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், துறந்தவர், மற்றவர் என்று மூன்றாக்கினார்கள்.

பட்டாளத்துக்குப் போய் இந்தோசீனாவில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய சொல்தாவை 'துரோகி' என்று தேசியவாதி சொல்லலாம். சேரியிலிருந்து போய், கால்சட்டையும் சப்பாத்துமாகத் திரும்பி, ஊர்த் தெருவில் நடந்தவனுடைய பக்கத்திலிருந்து அதைப் பார்த்தால் வேறு கதை. அதே சமயம் அந்தச் சப்பாத்து வியட்நாமியரின் முதுகின்மேல் நடந்து சம்பாதித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்லப் பழகுவதுதான் நம் வரலாற்றெழுத்துக்கு இன்றைய தேவை.

4

இந்தத் தீவுகள் கொடுத்த நிழலைப் பற்றி நமக்குப் பெருமை அதிகம். 1908இல் பாரதி வந்தார், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக்கு வெளியே காத்துக் கிடந்தது. பத்து வருஷம் கழித்து 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார், கடலூர் அருகே பிடித்துக்கொண்டார்கள். எல்லைக்கோடு ஒரு கவியைக் காப்பாற்றியது என்பது உண்மை.

அதே கோடு மில் தொழிலாளிக்கு என்ன செய்தது? இதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. 1934 தொழிற்சாலைச் சட்டம் நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. பிரான்ஸிலோ 1884லேயே சங்கம் வைக்கும் உரிமை வந்தாயிற்று. ஆனால் இரண்டு சட்டமும் வாய்க்காலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முத்திரை குத்திய தாளில் ஆட்சி நடந்த ஊரில் சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று மில் தொழிலாளிகளுக்கும் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. தேசபக்தனுக்குப் பிரெஞ்சு எல்லை கோட்டை, தொழிலாளிக்கு அதுவே பட்டி. சுற்றுக்கிராமங்களிலிருந்து விடியுமுன் கஞ்சிச்சட்டியோடு கிளம்பி நடந்தவர்கள் அவர்கள்.

1936 ஜூனில் பிரான்ஸில் லியோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. தொழிலாளிகள் ஆலைகளுக்குள் உட்கார்ந்து போராடி வாரத்துக்கு 40 மணி நேர வேலையை வாங்கினார்கள். அதே ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் போராடிய தொழிலாளிகள் சுடப்பட்டார்கள். 12 பேர் செத்தார்கள். பாரிஸில் உள்ளிருப்புப் போராட்டத்துக்குக் கிடைத்தது ஒப்பந்தம், புதுச்சேரியில் கிடைத்தது துப்பாக்கி. இடதுசாரி ஆட்சியானாலும் காலனி காலனிதான் என்பதை ஏட்டில் படிக்க வேண்டிய அவசியம் அந்தத் தொழிலாளிகளுக்கு இருக்கவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, வ. சுப்பையா போன்றவர்களின் விடாத வேலைக்குப் பிறகு, 1937 ஏப்ரலில் ஆணை வந்தது. சங்கம் வைக்கும் உரிமை, எட்டு மணி நேர வேலை. பிரிட்டிஷ் இந்தியாவில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1946 திருத்தத்தில்தான் வந்தது. அதாவது, பட்டியாக இருந்த இடம் ஒரே வருஷத்தில் சுற்றியிருந்த தேசத்தைவிட ஒன்பது வருஷம் முன்னால் போய்விட்டது. இதற்குப் பிரெஞ்சு நாகரிகத்தைப் பாராட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாகரிகம் 1936 ஜூலை 29ஆம் தேதியும் அங்கேதான் இருந்தது. தீவு தானாக யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, உள்ளே இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

5

1947க்குப் பிறகு இந்தத் தீவுகளின் நிலைமை விநோதமானது. 1941இல் செய்துகொண்ட சுங்க உடன்பாட்டை 1949இல் இந்தியா முடித்துக்கொண்டது. வரப்புமேல் சுங்கச் சாவடி வந்தது. அந்தச் சில வருஷங்களில் புதுச்சேரி வழியாகத் தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் கள்ளத்தனமாக இந்தியாவுக்குள் போயின. பெரிய ஆட்கள் அதில் பணம் பண்ணினார்கள். ஆயா ஞாபகத்தில் இருப்பது வேறு. அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்த அக்காளுக்கு அரிசி கொண்டுபோகும்போது சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. தங்கம் போன வழியில் அரிசி போக முடியவில்லை.

ஆனால் 1954இல் அதே புவியியல் திரும்பி அடித்தது. அந்த வருஷம் மார்ச் 31ஆம் தேதி, அதுவரை பிரெஞ்சு ஆதரவுக் கட்சியின் தூணாக இருந்த எதுவார் குபேர், நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். ஏன் நெட்டப்பாக்கம்? அது இந்தியப் பகுதி சூழ்ந்த துண்டு. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் அங்கே போக வேண்டுமென்றால் இந்திய மண்ணைத் தாண்டியாக வேண்டும், தாண்ட முடியாது. கோட்டை கட்டாதே, படை வைக்காதே என்று 1814இல் எழுதிய கை, 140 வருஷம் கழித்து அவர்கள் கழுத்தைப் பிடித்தது. நகரம் விழுவதற்கு முன்னால் கிராமத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இதில் சுப்பையாவின் தோழர்களுக்கும் பெரிய பங்குண்டு. ஆனால் 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனவர் குபேர். யார் கடைசியில் கட்சி மாறுகிறார்களோ அவர்கள் பெயர் முதலில் வரும் என்பது நமக்குப் புதிதில்லையே.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு. ஓட்டுப் போட்டவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சந்திரநாகூரில் 1949இல் மக்களையே நேரடியாகக் கேட்டார்கள், இந்தியாவுக்கு 7,473, பிரான்ஸுக்கு 114. புதுச்சேரியில் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் முடிவு மாறாது என்பது கேட்காமல் இருப்பதற்கான நியாயம் ஆகாது. நவாப் கேட்கவில்லை, பிரெஞ்சுக்காரன் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி முழுமையான இணைப்பு. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சுமார் 5,000 பேர் கொடுத்தார்கள். ஆயா வீட்டில் யாருக்கும் அப்படியொரு தாள் இருந்ததே தெரியாது.

6

மிஷேல் ஃபூக்கோ 1967இல் கட்டடக் கலைஞர்கள் முன் பேசியபோது, ஒரு சமூகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் எல்லா இடங்களுக்கும் வெளியே இருப்பதுபோல் இயங்கும் 'வேற்றிடங்கள்' பற்றிச் சொன்னார். காலனியையும் கப்பலையும் உதாரணம் காட்டினார். நல்ல கருத்துதான். ஆனால் கப்பலைக் கற்பனையின் கிடங்காக அவர் பார்த்தார். அடித்தளத்தில் நீலத்துணி மூட்டை ஏற்றியவன் பக்கத்திலிருந்து பார்த்தால், வேற்றிடம் என்பது முதலில் வேறு கூலி, வேறு சட்டம். ஒரகடத்திலிருந்து இந்தக் கோட்பாட்டை இப்படித்தான் வாசிக்க முடிகிறது.

2005ஆம் ஆண்டு சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, மண்டலம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள பிரதேசமாகக் கருதப்படும் என்கிறது. பிரதேசம்! திண்டிவனத்துத் தம்பி சொன்ன 'வேற நாடு' வெறும் உவமை இல்லை. தொழிலாளர் சட்டங்களை விலக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள எல்லாக் கம்பெனியும் மண்டலத்துக்குள் இல்லை என்பதும் சரிதான். ஆனால் சட்டம் காகிதத்தில் இருப்பதும் கேட்டுக்குள் இருப்பதும் வேறு வேறு என்பதைப் புதுச்சேரி ஏற்கெனவே காட்டிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தன் மண்டலத்தில் உற்பத்தி தொடங்கியது. வரி வழக்கு வந்தது, கம்பெனி கைமாறியது, ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது. புதுச்சேரி கைமாறிய அதே தேதி, சரியாக அறுபது வருஷம். தற்செயல்தான். ஆனால் 1954இல் தீவு கலைந்தபோது ஊர் மிஞ்சியது, நிலம் மிஞ்சியது, மாடு மேய இடம் மிஞ்சியது. 2014இல் மிஞ்சியது காம்பவுண்டுச் சுவர். ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விருப்ப ஓய்வுப் பணத்தோடு ஊருக்குத் திரும்பினார்கள்.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு மே 1ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேரம், 2023 ஏப்ரலில் பன்னிரண்டு. நடுவே வாய்க்கால்கூட இல்லை. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கி 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தைப் பதிவுசெய்வது. 2025 ஜனவரியில்தான் பதிவானது. எந்த 1926 சட்டம் எல்லையைத் தாண்டாததால் சவானா தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்களோ, அதே சட்டம் கையில் இருந்தும் இவர்கள் 37 நாள் உட்கார வேண்டியிருந்தது.

இங்கே ஒரு பிரெஞ்சுக் கம்பெனியும் ஒரு ஜப்பான் கம்பெனியும் சேர்ந்து 2010இல் கார் ஆலை திறந்தன. பிரெஞ்சுக் கண்ணாடி ஆலை அதற்கு முன்பே வந்துவிட்டது. கொரியக் கடைப் பலகைகள் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருக்கின்றன. அறைகளில் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. எந்த மொழி பேசும் தீவு என்பது இப்போது அவ்வளவு பெரிய விஷயமில்லை. கதவு யார் கையில் என்பதுதான். பொன்னுத்தம்பி தன் பெயராகவே கதவை எடுத்துக்கொண்டார். சவானா தொழிலாளிகள் உடம்பால் அதைத் தள்ளினார்கள். ஒரகடத்து ஒப்பந்தத் தொழிலாளிக்கு அட்டையில் பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் அவனுடைய கம்பெனியின் பெயர் இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்ஸியின் பெயர்.

பிரெஞ்சிந்திய எல்லை ஊர்களின் நினைவுகளைத் தொகுக்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. என் ஆயா போய்விட்டாள். அவள் வயதுக்காரர்கள் பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் சிலர் இருக்கிறார்கள். வெள்ளை நகரத்துக் கட்டடங்களைக் காப்பாற்ற ஆளும் பணமும் உண்டு, இவர்களிடம் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார ஆள் இல்லை. நண்பர்கள் இதைச் செய்ய வேண்டும். ஒரகடத்துக்காரர்களின் நினைவுகளையும் கூடவே சேர்க்க வேண்டும், அவர்கள் கலைந்துபோவதற்கு முன்னால்.

வருகிற ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் தியாகிகளுக்கு மாலை போடப் போகிறேன். பக்கத்து அறைத் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தால் வருகிறேன் என்றிருக்கிறான்.